மத்தவிலாசப் பிரகசனம்: எங்கே, எப்படி மேடையேறியது? ஐந்து பேரை வைத்துப் போட முடியுமா?

திரைச்சீலை கேட்டது:

மகேந்திரவர்ம பல்லவனின் மத்தவிலாசத்தைத் தமிழில் போட ஒரு கல்லூரிக் குழு தயாராகிறது. குடிகாரச் சைவத் துறவி கபாலி தன் மண்டையோட்டுப் பாத்திரத்தை, அதாவது கபாலத்தை, தொலைத்துவிட்டுப் புத்தபிட்சு மேல் பழிபோடும் வடமொழி நாடகம் இது. இடைவேளை இல்லாமல் 50 நிமிடம். நடிகர்கள் ஐந்து பேர்: ஆண்கள் நாலு, பெண் ஒருவர். சாதாரண கல்லூரி மேடை, முன்திரை உண்டு, பின்னால் வெறும் கறுப்புத் துணி.

அச்சுக்குப் போகவிருக்கும் அழைப்பிதழில் "1400 ஆண்டுகளாகத் தொடர்ந்து மேடையேறிவரும் நகைச்சுவை நாடகம்" என்று ஒரு வரி இருக்கிறது. இது சரியா? கேரளத்தில் கோயில் கூத்தாடும் சாக்கியார்கள் இதை இன்றும் ஆடுகிறார்கள் என்கிறார்களே, அது முழு நாடகமா? முன்னுரை பேசும் சூத்திரதாரனையும் அவன் மனைவி நடியையும் சேர்த்தால் ஏழு பாத்திரம் வருகிறது, ஐந்து பேரால் சமாளிக்க முடியுமா? கடைசியாக, அந்தக் கபாலத்தை எதில் செய்வது?

---

கல்வெட்டுப் பித்தன்:

முதலில் அழைப்பிதழிலிருந்து "தொடர்ந்து" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நாடகம் மகேந்திரன் காலத்தில் இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உறுதியானவை. ஒன்று நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஸ்தாபனை எனப்படும் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் பெயர் வருகிறது: பல்லவன் சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன். குணபரன், அவனிபாஜனன், சத்துருமல்லன் என்ற அவனது விருதுப் பெயர்களும் பாட்டுகளிலும் வசனத்திலும் அங்கங்கே பொதிந்து கிடக்கின்றன. இன்னொன்று மாமண்டூர்க் குடைவரையில் உள்ள சிதைந்த வடமொழிக் கல்வெட்டு. அதில் மத்தவிலாசத்தின் பெயரும் பகவதஜ்ஜுகம் என்ற இன்னொரு வடமொழி நகைச்சுவை நாடகத்தின் பெயரும் வருகின்றன. (ஜிஎஸ்டி சாலையில் பஸ் நிற்கிற மாமண்டூர் அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தூசி மாமண்டூர். இரண்டையும் குழப்பிக்கொண்டு போகிறவர்கள் நிறைய.) பகவதஜ்ஜுகமும் மகேந்திரனுடையதுதானா, போதாயனருடையதா என்ற சண்டை கிளம்பியதே இந்தக் கல்வெட்டால்தான். கல் பொரிந்துபோன இடத்தில் வாக்கியம் எப்படி முடிகிறது என்று தெரியாததால் அது தீரவும் இல்லை.

இதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மத்தவிலாசம் ஆடப்பட்டதாகச் சொல்ல, நாடகத்தின் பெயரோடு வரும் கல்வெட்டு எதுவும் கையில் இல்லை. சாக்கியர் கூத்து இருந்ததற்கு மட்டும் சான்று நிறைய. சிலப்பதிகாரம் நடுகற் காதையில் செங்குட்டுவன் முன்னால் ஆடிக்காட்டுகிறவன் 'பறையூர்க் கூத்தச் சாக்கையன்'. சோழர் காலத்தில் காமரசவல்லிக் கல்வெட்டில் சாக்கைக் கூத்து ஆடுகிறவருக்குச் 'சாக்கைக்காணி'யாக நிலம் கிடைக்கிறது. திருவாவடுதுறையில் ஏழு அங்கமுள்ள ஆரியக் கூத்து நடத்த ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இவற்றை வைத்து "சோழர் காலத்திலும் மத்தவிலாசம் ஆடினார்கள்" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. மத்தவிலாசம் ஒரே அங்கம். ஏழு அங்கம் என்றாலே அது வேறு ஏதோ.

பிரதி பயணம் செய்ததற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. "மதுவைக் குடி, காதலி முகத்தைப் பார், விசித்திர வேடம் பூணு, மோட்சத்துக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்த பிநாகபாணி (சிவன்) நீடு வாழ்க" என்று கபாலி சொல்லும் சுலோகத்தை, 959இல் யசஸ்திலகம் எழுதிய சமணர் சோமதேவ சூரி எடுத்தாள்கிறார். ஆனால் பழைய வடமொழி நாடகாசிரியர் பாசன் எழுதியது என்று சொல்லிவிடுகிறார். மகேந்திரன் பெயர் உதிர்ந்து, பாட்டு மட்டும் கன்னட தேசம் வரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

முழு நாடகம் அச்சில் வந்தது 1917இல். திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் 55ஆம் நூலாக த. கணபதி சாஸ்திரி பதிப்பித்தார். பாச நாடகங்களை 1912இலிருந்து வெளியிட்ட அதே கணபதி சாஸ்திரிதான். 1930இல் லண்டனில் எல். டி. பார்னெட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பாச நாடகங்களுக்கும் இதற்கும் தொடக்கமும் கட்டுக்கோப்பும் ஒத்துப்போவதைக் காட்டி, "பாச நாடகங்கள் அவ்வளவு பழையவை அல்ல, இந்தக் காலத்தை ஒட்டியவை" என்று வாதாடியவரும் அவரே. சுருங்கச் சொன்னால் இன்று நாம் படிக்கும் மத்தவிலாசம் கேரள ஓலைச்சுவடிகள் காப்பாற்றிக் கொடுத்தது.

---

மிழாவொலி:

கேரள விஷயத்தைச் சொல்கிறேன். ஆடுகிறார்கள் என்பது உண்மை. எதை ஆடுகிறார்கள் என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

வட கேரளக் கோயில்கள் சிலவற்றில் மத்தவிலாசக் கூத்து ஒரு வழிபாடு. பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொள்கிறவர்கள் சாக்கியாரை வைத்து ஆடச்செய்வார்கள். அதில் மையம் கபாலி ஒருவன்தான். புத்தபிட்சு, பாசுபதன் (இன்னொரு வகைச் சைவத் துறவி), பைத்தியக்காரன் வந்து மல்லுக்கட்டும் சண்டை, அதாவது உங்கள் பார்வையாளர்கள் சிரிக்கப்போகும் பகுதி முழுக்க, அந்த வடிவத்தில் இல்லை.

அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? சாக்கியார்கள் ஆடும் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தின் பொது முறையை நினைவில் வைத்தால் புரியும். முதலில் சூத்திரதாரன் புறப்பாடு, அதாவது மேடை நுழைவு. பிறகு பாத்திரத்தின் புறப்பாடு. அப்புறம் நிர்வஹணம்: நாடகம் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்துக்கு நடந்ததையெல்லாம் நடிகர் ஒருவரே கைமுத்திரையாலும் கண்ணாலும் சொல்லிக்கொண்டு வருவார். சத்தியசோமன் என்ற அந்தணனுக்குப் பிரம்மஹத்தி தோஷம் வந்ததும் அது தீரக் கபால விரதம் எடுத்ததும் இந்த இடத்தில் விரிகிறது. மகேந்திரன் எழுதிய பிரதியில் இந்த முன்கதை கிடையாது. சாக்கியார்களின் ஆட்டப்பிரகாரம் (நடிப்புக் கையேடு) சேர்த்தது. விளைவு என்னவென்றால், காஞ்சித் தெருவில் தள்ளாடிய குடிகாரன் கேரளக் கோயிலில் சிவவிரதம் பூண்ட பெரியவன் ஆகிவிடுகிறான். வேடிக்கை நாடகம் வழிபாடாக மாறியதால்தான் அது பிழைத்தது என்றே எனக்குப் படுகிறது.

முழுப் பிரதி மறுபடி மேடைக்கு வந்தது நம் காலத்து வேலை. 1962இல் டாக்டர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் மாணி மாதவ சாக்கியாரைச் சென்னைக்கு அழைத்துவந்தது. கேரளத்துக்கு வெளியே கூடியாட்டம் போனது அதுதான் முதல் தடவை. 1965இல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டத் துறை தொடங்கியது, ஆசான் பைங்குளம் ராம சாக்கியார். பகவதஜ்ஜுகத்தைத் தூசி தட்டி எடுத்து மேடையேற்றியவர் அவர். கூடியாட்டத்துக்கு வெளியே, காவாலம் நாராயண பணிக்கரின் சோபானம் குழு 1985இல் மத்தவிலாசம் போட்டது. கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ அங்கீகரித்தபின் எங்கும் கூடியாட்டத்தின் குத்துவிளக்கும் மிழாவு என்ற தாளவாத்தியமும் பரவிவிட்டன. அதனால்தான் "1400 வருஷமாகத் தொடர்ந்து" போன்ற வரிகள் அழைப்பிதழ்களில் முளைக்கின்றன.

---

திரைச்சீலை:

இரண்டு பேருக்கும் நன்றி. "தொடர்ந்து" போய்விட்டது. அப்படியானால் குத்துவிளக்கு, மிழாவு, கைத்திரை இதெல்லாம் எங்களுக்கு வேண்டாமா? இயக்குநருக்கு அதில் ரொம்ப ஆசை.

---

மிழாவொலி:

ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

விளக்கு: கூத்தம்பலத்தில் (கேரளக் கோயில் நாடக அரங்கில்) மேடையின் முன்னால் நடுவில் நிற்கும் பெரிய விளக்கில் மூன்று திரி. இரண்டு நடிகரைப் பார்த்து, ஒன்று அவையைப் பார்த்து. நடிகரின் முகத்துக்கு ஒளி தருவது அதன் வேலை. மின்விளக்கு போட்ட மேடையில் அதற்கு வேலை இல்லை, வெறும் அலங்காரம். உங்கள் நாடகத்திலோ இரண்டு குடிகாரர்கள், ஒரு கைகலப்பு, ஒருத்தி கீழே விழுவது, கடைசியில் ஒரு பைத்தியக்காரன். எண்ணெய் விளக்கை நடுவில் வைத்தால் நடிகர்கள் எல்லாரும் 50 நிமிடமும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் முன்னுரை முடிந்ததும் சூத்திரதாரனே எடுத்துக்கொண்டு போகட்டும்.

மிழாவு: செப்புக் குடம், வாயில் தோல், மரச்சட்டத்துக்குள் உட்காரவைத்து, மிழாவு வாசிக்கும் மரபினரான நம்பியார் இரு கையாலும் வாசிப்பது. இடம் மாற்றித் தூக்கிச்செல்லும் வாத்தியம் இல்லை. தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். அதற்குப் பதிலாகக் கடம் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கல்லூரி அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்காது. தவில் ஒன்று போதும். ஆனால் வசனத்துக்கு அடியில் வாசிக்கக் கூடாது. சிரிப்பு வரி பாதிக்கு மேல் அமுங்கிவிடும். நுழைவுக்கும் விழுவதற்கும் மட்டும்.

கைத்திரை: இதை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பிடித்து நிற்க, பின்னால் நடிகர் ஆடி, பிறகு திரை விலகும். உங்கள் ஐந்து பேர் கணக்குக்கு இதுதான் உயிர். ஒப்பனை அறை இருந்தால் வந்து சொல்வார்.

---

ஒப்பனை அறை:

வந்தாயிற்று.

நுழையும் வரிசை இது. சூத்திரதாரன், நடி. அவர்கள் போனதும் கபாலி சத்தியசோமன், அவன் துணைவி தேவசோமா. இவர்கள் இருவரும் கடைசிவரை மேடையை விட்டு இறங்குவதில்லை. பிறகு பிட்சு நாகசேனன், அப்புறம் பாசுபதன் பப்ருகல்பன், கடைசியில் உன்மத்தன், அதாவது பைத்தியக்காரன். முடிவில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மேடையில். எனவே ஐந்துக்குக் கீழே முடியாது, ஐந்து போதும்.

சூத்திரதாரனைப் பாசுபதனுக்குக் கொடுங்கள். நுழைவுக்கு நடுவே பாதி நாடகம் இருக்கிறது, நிதானமாக வேடம் மாற்றலாம். உன்மத்தனுக்குக் கொடுத்தால் இன்னும் நேரம் கிடைக்கும். ஆனால் முன்னுரையில் அரசனைப் புகழ்ந்து நின்றவனே பின்னால் நீதி சொல்ல வந்து சொதப்பினால் அதில் ஒரு ருசி இருக்கிறது.

சிக்கல் நடியில். பெண் ஒருவர்தான் என்பதால் நடியும் தேவசோமாவும் அவரே. முன்னுரை முடியும்போதே திரைக்குப் பின்னாலிருந்து கபாலி தேவசோமாவைக் கூப்பிடும் குரல் வந்துவிடுகிறது. அடுத்த கணம் இருவரும் உள்ளே வர வேண்டும். இங்கேதான் பல குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. நடியை வெட்டிவிட்டுச் சூத்திரதாரனைத் தனியாகப் பேசவிடுவார்கள். இளைய மனைவியைக் கட்டிக்கொண்டு வந்து மூத்தவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிற அந்தச் சண்டை போய்விட்டால், முதல் ஐந்து நிமிடம் வெறும் அறிவிப்பாக உட்கார்ந்துவிடும். அவையும் அதற்கேற்றபடி உட்கார்ந்துவிடும். பிறகு சிரிக்கவைக்கப் பாடுபட வேண்டும்.

கைத்திரையைப் பயன்படுத்துங்கள். நடிக்கு அடியிலேயே தேவசோமாவின் உடை இருக்கட்டும். மேலே ஒரு புடவைத் தலைப்பும் கழுத்துச் சரடும் மட்டும் நடிக்கானது. திரை பிடித்ததும் தவில் ஒன்றரை நிமிடம். திரைக்கு மேலே கபாலியின் கையும் அவிழ்ந்த தலைமுடியும் மட்டும் தெரியத் தள்ளாடட்டும். பின்னால் தலைப்பு உருவி, உருத்திராட்ச மாலை போட்டு, கொண்டையை அவிழ்த்து, நெற்றியிலும் கையிலும் சாம்பல். ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 90 நொடிக்கு மேல் போனால் உருப்படிகளைக் குறையுங்கள், தவிலை நீட்டாதீர்கள். திரை பிடிக்க நாகசேனனும் உன்மத்தனும் இருக்கிறார்கள். மேலே ஒரு கறுப்புப் போர்வை போட்டுக்கொண்டால் போதும்.

இனிக் கபாலம். அது கடைசிக் காட்சி வரைக்கும் மேடைக்கே வராது, உன்மத்தன்தான் கொண்டுவருகிறான். ஆனால் நாடகம் முழுக்க எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதனால் வந்தவுடன் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். தேங்காய்ச் சிரட்டையில் செய்தால் சிறிசு, தூரத்தில் கரண்டி போலத் தெரியும். காகிதக் கூழில் செய்யுங்கள். சுமார் 18 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பாத்திரத்தைக் கவிழ்த்து எண்ணெய் தடவி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை ஆறு அடுக்கு ஒட்டுங்கள். மூன்று அடுக்குக்கு ஒரு நாள் காயவிட வேண்டும். ஒரே மூச்சில் ஆறும் ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும், கழற்றும்போது விளிம்பு நெளியும். காய்ந்தபின் வெள்ளை பூசி, ஓரத்தில் பழுப்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யாதீர்கள். உன்மத்தன் கையில் அது ஒருமுறையாவது கீழே விழும், விழுந்தால் அன்றைய நாடகம் முடிந்தது. ஒன்றுக்கு இரண்டாகச் செய்துவையுங்கள்.

பிட்சுவின் பாத்திரம் கறுப்பு. கபாலம் வெள்ளை, இது கறுப்பு என்ற வித்தியாசம் கண் எதிரே இருந்தும் கபாலி "நிறத்தை மாற்றிவிட்டான்" என்று சாதிப்பதுதான் சண்டையின் உச்சம். இதற்குத் திருவோட்டை வாங்கிவராதீர்கள். கறுப்பாக, கைக்கடக்கமாக, பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்ப் பார்வையாளருக்குத் திருவோடு என்றால் சிவன், சித்தர், பண்டாரம். பிட்சுவின் சீவரத்துக்குள்ளிருந்து (துவராடைக்குள்ளிருந்து) திருவோடு வந்தால் "ஓ, உண்மையிலேயே திருடியிருக்கிறான்" என்று அவை முடிவு கட்டிவிடும். கறுத்த மண்சட்டி போதும். ஆனால் உடையும். எனவே கபாலம் செய்த அதே அச்சில் இன்னொன்று செய்து கறுப்பு அடியுங்கள். அளவும் ஒத்துப்போகும். சீவரத்தின் இடது கக்கத்துக்குக் கீழே உள்பை ஒன்று தைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடிகர் முழு நேரமும் ஒரு கையைப் பறிகொடுத்து நிற்பார்.

கள்ளுக்கடையில் கபாலம் காணோம் என்று தெரிந்ததும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று பசுவின் கொம்பில் வாங்கிக் குடிக்கிறான். கொம்பைக் கீழே வைக்க முடியாது, சாய்ந்துவிடும். யாராவது பிடித்தே ஆக வேண்டும். தேவசோமா பிடிக்கட்டும், அதிலிருந்தே நல்ல விளையாட்டுக் கிடைக்கும். உள்ளே நீர்மோர் வேண்டாம், சிந்தினால் பலகை வழுக்கும். வெறும் கொம்பே போதும்.

விழும் இடம். தேவசோமா பிட்சுவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலை. கை வழுக்கி அவளே விழுகிறாள். அவன் இரக்கப்பட்டுத் தூக்கிவிட, "என் மனைவியைப் பாணிக்கிரகணம் செய்கிறான்" (கைப்பிடித்து மணக்கிறான்) என்று கபாலி ஊரைக் கூட்டுகிறான். இதற்கு நடிகர் மொட்டை அடித்துக்கொள்வதே நல்லது. ரப்பர் மொட்டை வியர்வையில் காதுக்கு மேலே எழும்பும். அதைக் கை பிடித்து இழுக்கவே செய்கிற காட்சி இது, கழன்று வந்துவிடும். விழும்போது உள்ளங்கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டுப் போய்விடும். முழங்காலை மடித்து இடுப்பை இறக்கி, பக்கவாட்டில் உருளச் சொல்லுங்கள். மேடை விளிம்பிலிருந்து ஆறு அடி தள்ளி.

விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் பத்து நிமிடத்தில் வெடித்து உதிரும். மெல்லத் தேங்காயெண்ணெய் தடவி, மேலே உலர்ந்த விபூதியைத் தட்டுங்கள். கைகலப்பில் அது பிட்சுவின் துவராடையில் கை கையாகப் பதியும். துடைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

---

உரைகாரன்:

பொருட்கள் சரி. சொற்களைப் பற்றிக் கொஞ்சம்.

மூலத்தில் கபாலியும் பாசுபதனும் பேசுவது சமஸ்கிருதம். தேவசோமா, பிட்சு, உன்மத்தன் பேசுவது பிராகிருதம். அறிவாளி வேடம் போட்ட குடிகாரன் உயர்ந்த மொழியில் உளறுவதுதான் அடிப்படை வேடிக்கை. எல்லாரையும் ஒரே தமிழில் பேசவிட்டால் இது காணாமல் போகிறது. கபாலிக்கு மேடைச் செந்தமிழ் கொடுங்கள், குடித்தாலும் இலக்கணம் பிசகாத தமிழ். பிட்சுவுக்கும் தேவசோமாவுக்கும் பேச்சுத்தமிழ்.

கள்ளுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிடும் பேச்சு நாடகத்தின் பெரிய பேச்சு. கடையின் கொடிக்கம்பம் யூபம், மது சோமரசம், குடிகாரர்கள் வேள்வி செய்யும் அந்தணர்கள், கோப்பைகள் சமசங்கள், சுட்ட இறைச்சி ஆகுதி, போதைப் பேச்சு யஜுர்வேதம், பாட்டு சாமவேதம், தாகம் அக்கினி, கடைக்காரன் எஜமானன். கேட்பவர்களுக்கு யூபமும் சமசமும் தெரியாது. அடிக்குறிப்புப் போல விளக்காதீர்கள். யூபத்தை வேள்வித்தூண், சமசத்தை வேள்விக்கிண்ணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கையால் கடையின் பொருளைக் காட்டிவிட்டுப் பிறகு வேள்விப் பெயரைச் சொல்லட்டும். வரிசை மாறினால் சிரிப்பு வராது. முதலில் கம்பம் கண்ணில் பட வேண்டும், அப்புறம்தான் 'வேள்வித்தூண்'. மேடை இடது பக்கம் ஒரு மூங்கிலும் அதில் ஒரு கந்தலும் கட்டிவைத்தால் தீர்ந்தது.

பிட்சுவின் முதல் பேச்சை எவரும் குறைக்கக் கூடாது. தனதாசன் என்ற வணிகன் வீட்டில் மீனும் இறைச்சியும் மணக்க உண்டுவிட்டு ராஜவிகாரத்துக்குத் திரும்புகிறான். மெத்தை, முற்பகல் சாப்பாடு, பிற்பகல் பானம், வெற்றிலை எல்லாவற்றையும் அனுமதித்த கருணைமிக்க பகவான் பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் விட்டுவைத்தார்? கிழட்டுத் தேரர்கள் பொறாமையில் ஏட்டிலிருந்து அடித்திருப்பார்கள். அழிக்கப்படாத மூலபாடம் எங்கே கிடைக்கும்? இதைக் கேட்டதும் பிரதி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தனியாகச் சிரிப்பார்கள், மற்றவர்களும் சிரிப்பார்கள்.

மொழிபெயர்ப்பில் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. பிட்சு பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்திருப்பதைப் பார்த்துக் கபாலி "இது சம்விருதி சத்தியம், எனக்குப் பரமார்த்த சத்தியம் வேண்டும்" என்கிறான். சம்விருதி என்றால் பௌத்தத்தில் உலக வழக்கு உண்மை. சொல்லளவில் 'மூடுதல்'. "உலகியல் உண்மை" என்று மொழிபெயர்த்தால் தத்துவம் நிற்கும், பகிடி செத்துவிடும். "மூடிவைத்த உண்மை எனக்கு வேண்டாம், திறந்த உண்மையைக் காட்டு" என்று போனால் இரண்டும் ஓரளவு பிழைக்கும்.

ஒப்பனை அறையோடு ஒரு மாறுபாடு. சூத்திரதாரன் பாசுபதனாக வருவதில் ருசி இருக்கிறது என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. பாசுபதனுக்குத் தேவசோமா மேலே பழைய கண் இருக்கிறது, அவள் கபாலியோடு போய்விட்ட வயிற்றெரிச்சலோடு நடுவராக வந்து நிற்கிறான். அதே முகம் முன்னுரையில் இரண்டு மனைவிக்காரனாக வந்துவிட்டால், அவை பெண்ணாசை பிடித்த ஒரே ஆளாக இருவரையும் சேர்த்துவிடும். உன்மத்தனுக்குக் கொடுப்பதே சுத்தம்.

---

ஒப்பனை அறை:

இதற்குத் தீர்ப்புச் சொல்ல இயக்குநர் இருக்கிறார், அவர் தலையெழுத்து. ஆனால் உன்மத்தன் சூத்திரதாரனாக இருந்தால் கைத்திரை பிடிக்க ஆள் குறையும் என்பதைக் கவனியுங்கள். அப்போதுதானே சூத்திரதாரன் உள்ளே போகிறான். போர்வையை மாட்டிக்கொண்டு அவன் உடனே திரும்பி வர முடியாது. அந்தப் பக்கத்தைப் பாசுபதன் பிடிக்கட்டும்.

---

திரைச்சீலை:

இன்னும் இரண்டு சந்தேகம். கபாலி நடிகர் முதல் காட்சியிலிருந்தே முழுப் போதையில் ஆடுகிறார், பதினைந்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. இரண்டாவது, பௌத்தரையும் சமணரையும் கேலி செய்கிற வரிகளை வெட்டச் சொல்லி ஆலோசனை வருகிறது.

---

உரைகாரன்:

போதைக்கு அளவுகோல் பிரதியிலேயே இருக்கிறது. முதலில் அவன் பெயரைத்தான் தவறுகிறான்: தேவசோமாவைச் 'சோமதேவா' என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொள்கிறான். அப்போது நாக்கு மட்டும் குழறட்டும், கால் நேராக இருக்கட்டும். இனிக் குடிக்கவே மாட்டேன் என்று சபதம் போட, அவளே காலில் விழுந்து "எனக்காகத் தவத்தைக் குலைக்காதீர்கள்" என்று கெஞ்சுகிறாள். அந்த இடத்தில் அவன் மிகத் தெளிவாக இருந்தால்தான் சிரிப்பு. கள்ளுக்கடைக்கு அப்புறம் கால் தள்ளாடலாம். பிட்சுவைப் பிடித்தபின் போதை கோபமாக மாறுகிறது. அப்போது உடம்பு விறைப்பு, தள்ளாட்டம் வேண்டாம். கபாலம் கிடைத்ததும் குழந்தை போல ஒரு சந்தோஷம். ஐந்து நிலை. எல்லாவற்றையும் ஒரே தள்ளாட்டத்தில் கொட்டினால் பதினைந்தாவது நிமிடத்தில் சலிக்கத்தான் செய்யும்.

கேலி பற்றி: ஒன்றை வெட்டினால் தராசு சாயும். சமணரைக் கேலி செய்த கையோடு, அந்தப் பேச்சால் தீட்டான நாக்கை மதுவால் கழுவ வேண்டும் என்கிறான் கபாலி. கேலி அவன் மீதே திரும்பிவிடுகிறது. பிட்சு சபலக்காரன்தான், ஆனால் திருடன் இல்லை. பாத்திரம் அவனுடையதுதான். நியாயம் கேட்க நீதிமன்றம் போகலாமா என்றால், விகாரத்துச் சொத்தை வைத்து அவன் அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவான், நம்மிடம் பாம்புத்தோலும் சாம்பலும்தானே இருக்கிறது என்கிறாள் தேவசோமா. அரசனே எழுதிய நாடகத்தில் அரசனின் நீதிமன்றத்துக்கும் ஒரு குத்து. வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் சைவர் பக்கத்துக் கேலியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவார்கள், அல்லது நேர்மாறாக. இரண்டும் நாடகத்தை ஒரு கட்சிக்காரனாக ஆக்கிவிடும். நேரம் போதவில்லை என்றால் புத்தர் வேதாந்தத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் திருடினார் என்ற பேச்சையும் திருட்டு சாஸ்திரம் எழுதிய கரபடனுக்கு வணக்கம் சொல்லும் பேச்சையும் ஒன்றாக இணைத்துச் சுருக்குங்கள். மூன்று நிமிடம் மிச்சம்.

---

கல்வெட்டுப் பித்தன்:

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை. அழைப்பிதழிலோ முன்னுரையிலோ "சமணனாக இருந்து அப்பரால் சைவனான மன்னன் எழுதியது" என்று யாராவது சேர்க்கப் பார்ப்பார்கள். பெரியபுராணம் அந்தப் பல்லவன் பெயரைச் சொல்லவில்லை. திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்று மட்டும் சொல்கிறது. 'குணபரன்' என்ற விருதுப் பெயரோடு அதைப் பொருத்தித்தான் அவன் மகேந்திரன் என்று கொள்கிறோம். நாடகத்தில் சைவனும் அடி வாங்குகிறான். மதமாற்றத்துக்கு முன்னா பின்னா என்று இதை வைத்துக் கணக்குப் போட வழியில்லை.

---

திரைச்சீலை:

அழைப்பிதழ் வரி இப்போது இப்படி: "பல்லவன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம். கேரளச் சாக்கியார்கள் கபாலியின் கூத்தைக் காத்தார்கள். முழு நாடகம் 1917இல் அச்சேறியது." சரியா?

---

மிழாவொலி:

"கூத்தையும் சுவடியையும் காத்தார்கள்" என்று போட ஆசை வரும், போடாதீர்கள். சுவடி காத்தவர்கள் சாக்கியார்கள் மட்டும் இல்லை. இருக்கிறபடியே அச்சுக்குக் கொடுங்கள். நாய் உண்டா என்று யாரும் கேட்கவில்லையே? கபாலத்தைக் கவ்விக்கொண்டு போன நாய் மேடைக்கு வருவதில்லை. உன்மத்தன் சொல்லித்தான் தெரியும். கல்லூரி வளாகத்து நாயைக் கூட்டிவரும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

---

திரைச்சீலை:

இருந்தது. கைவிட்டாயிற்று.